முகத்துக்கு ஓர் அச்சு

கதிர்வீச்சுப் பிரிவில் மேஜைமேல் படுக்கவைத்து, தலை அசையாமலிருக்கப் போடும் வலைத்தகட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்ததும் ஏலக்காரர் துள்ளி எழுந்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே நடந்துவிட்டார். போன வாரம் நடந்தது அது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எடுக்கவும் குரல் இல்லை. மொத்தக் காய்கறிச் சந்தையில் கூடைகளுக்கு நடுவே நின்று அவர் விலை கூவினால், எதிர்த்தெருவில் பேருந்துக்கு நிற்பவர்கள்கூட அன்றைய தக்காளி விலையைத் தெரிந்துகொள்வார்கள். அந்தக் குரல் மழைக்காலத்தில் கரகரத்தது. வெயில் காலம் வந்தும் தெளியவில்லை. கடைசியில் காற்றும் கிசுகிசுப்புமாகக் குறுகிப்போனது. குரல் நாணில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், கத்தி வைக்காமல் கதிர்வீச்சிலேயே குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த வாய்ப்பைத்தான் மாமனார் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

மகன் சரக்குக் கப்பலில், கடல் நடுவே. வீட்டில் இப்போது மூன்று பேர். ஏலக்காரர், தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் லைன் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றதால் தெருவே 'ஹலோ அம்மா' என்று கூப்பிடும் அவர் மனைவி, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மருமகள்.

அன்று காலை மருமகள் கைப்பையை மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தை, கடைக்கு லீவு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரேன்."

"அவர் இல்லாம நீ மட்டும் போய் என்ன பண்ணப்போற?"

"கேட்கப்போறேன். நாம இதுவரைக்கும் யாரையும் எதையும் ஒழுங்கா கேட்கல அத்தை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது, ஃபோன்ல சுத்திச் சுத்தி வந்தது... இதை வச்சுத்தான் மூணு பேரும் பயந்து செத்துட்டிருக்கோம்."

ஹலோ அம்மா வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கணவர் செய்தித்தாளுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா எனக்காக ஒண்ணு கேட்டுட்டு வா. கதிர்வீச்சு வச்சவங்க தனி ரூம்லதான் படுக்கணுமாம். பக்கத்துல போனா நமக்கும் வந்துருமாம். நிஜமா?" என்றவர், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "கட்டின புருஷன் பக்கத்துல போகலாமான்னு ஊரைக் கேட்க வேண்டியிருக்கு பாரு. கேட்கவே வெட்கமா இருக்கு."

கதிர்வீச்சுப் பிரிவு நிலத்தடித் தளத்தில் இருந்தது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட டெக்னீஷியன் பெண், மருமகளைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"ஓடிப்போனவரோட மருமகள்தானே? அவர் ஓடினதுல தப்பே இல்லங்க. அன்னிக்குக் கூட்டம். என்ன பண்ணப்போறோம்னு நாங்க உட்கார்ந்து சொல்லியிருக்கணும், சொல்லல." குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "முதல் ஆள் வர இன்னும் நேரம் இருக்கு. ரூமைப் பார்க்கறீங்களா?"

கதவு என்று மருமகள் நினைத்தது கதவே இல்லை. சுவரில் ஒரு பாகம்தான் மெல்ல நகர்ந்து வழிவிட்டது. அதன் தடிமன் அவள் முழங்கை நீளம் இருந்தது. உள்ளே ஒரு நடை, ஒரு திருப்பம், அதற்கப்புறம் குளிர்ந்த பெரிய அறை. நடுவில் ஒடுங்கிய ஒரு கட்டில். அதன் தலைமாட்டில், ஆள் உயரத்தை மீறிய அந்த எந்திரம் தன் பெரிய தலையைக் கட்டில்மேல் கவிழ்த்துக்கொண்டு நின்றது. ஒரு சத்தமும் இல்லை. மருமகள் தன்னையறியாமல் செருப்பை அழுத்தி வைக்காமல் நடந்தாள்.

டெக்னீஷியன் விளக்கைக் குறைத்தாள். இரண்டு பக்கச் சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய பச்சைக் கோடுகள் புறப்பட்டு, வெறும் கட்டிலுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் சந்தித்தன.

"கையை நீட்டுங்க. பயப்படாதீங்க, இது வெறும் வெளிச்சம். வைத்தியம் இல்ல."

மருமகள் நீட்டினாள். அவள் விரல்மேல் தலைமுடி அகலத்தில் ஒரு பச்சைக் கூட்டல் குறி விழுந்தது.

"உங்க மாமாவோட குரல் நாண் அந்த இடத்துல வந்து நிக்கணும். மெஷின் அவரைச் சுத்திச் சுத்தி வரும். எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் அந்த இடத்தைத்தான் பார்க்கும். பின்னாடியே தண்டுவடம் இருக்கு. அதுக்கு அடி படாம இதை மட்டும் பிடிக்கணும். அதுக்காகத்தான் அசையக்கூடாதுன்னு முகத்துக்கு மாஸ்க். தினமும் அதே இடம், நூலளவுகூடப் பிசகக்கூடாது."

மருமகள் விரலை எடுக்கவில்லை. லென்ஸின் நடுப்புள்ளி கண்மணிக்கு நேராக உட்காராவிட்டால் கண்ணாடி போட்டவருக்குத் தலையைச் சுற்றும். அந்த நூலளவோடு மல்லுக்கட்டுவதுதான் கடையில் அவள் பிழைப்பு. ஆனால் அவள் பார்ப்பது வெளியே தெரிகிற கண்ணை. இங்கேயோ தோலுக்கும் சதைக்கும் உள்ளே, யார் கண்ணும் எட்டாத இருட்டில், அதே நூலளவைத் தேடிப் பிடிக்கிறார்கள். மனிதர்கள் இதையெல்லாமா செய்கிறார்கள்?

"வலிக்குமா?"

"வைக்கும்போது ஒண்ணும் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தப்போ வலிச்சுதா, அது மாதிரிதான். ஆனா பொய் சொல்லமாட்டேன். போகப் போகத் தொண்டை எரியும். முழுங்கக் கஷ்டமா இருக்கும். கழுத்துத் தோல் கருக்கும். குரல் நடுவுல இன்னும் மோசமாகும், எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சுத்தான் தேறும். எதுவானாலும் உடனே சொல்லணும். தாங்கிக்கிறேன்னு வீட்டுல உட்கார்ந்துடறாங்க பாருங்க, அது மட்டும் வேணாம்."

மருமகள் தயங்கித் தயங்கி அத்தையின் கேள்வியைக் கேட்டாள்.

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. சுவரோரம் போய் விளக்கைப் போட்டாள். அணைத்தாள். "இப்ப ரூம்ல வெளிச்சம் எங்கயாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல."

"அவ்வளவுதாங்க. மெஷினை நிறுத்தினா அதோட சரி. உடம்புல தங்காது. உள்ளேயே மருந்து வச்சுப் பண்ற வேற வகை உண்டு, தனியா இருக்கச் சொல்றது அதுக்கு. உங்க மாமாவுக்கு அது இல்ல. உங்க அத்தைகிட்ட சொல்லுங்க. பக்கத்துல படுக்கலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம். சண்டைகூடப் போடலாம்."

கிளம்பும்போது அவள் மருமகளின் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். வெள்ளையாக, விறைப்பாக, நிறைய ஓட்டைகளோடு ஒரு தகட்டுத் துண்டு.

"சொல்லிக் குடுக்கறதுக்காக வெட்டி வச்சது. வெந்நீர்ல போட்டுக் காட்டுங்க. அவரே தொட்டுப் பார்க்கட்டும். மத்தியானம் வரைக்கும் உங்க இடத்தை வேற யாருக்கும் குடுக்கமாட்டேன்."

வீட்டில் ஏலக்காரர் தகட்டுத் துண்டைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா இது?" சத்தமில்லாமல் உதடுதான் கேட்டது.

"அன்னிக்கு உங்களைத் துரத்துச்சே, அதுதான் மாமா. குட்டி போட்டிருக்கு."

ஏலக்காரர் முறைத்தார். முறைப்பதற்குக் குரல் தேவையில்லை. ஆனால் ஹலோ அம்மா அதற்குள் அகலப் பாத்திரத்தில் வெந்நீரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார். மருமகள் துண்டைப் போட்டாள்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரங்களில் வெள்ளை கரையத் தொடங்கியது. நடுப்பகுதியும் மெல்ல மெல்லத் தெளிந்தது. மூன்று தலைகளும் பாத்திரத்தின் மேல் முட்டிக்கொள்ளாத குறையாகக் குனிந்தன. கண்ணெதிரே இருந்த தகடு கண்ணெதிரேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் தண்ணீராலேயே பின்னிய வலை மாதிரி ஏதோ அசைந்தது.

"எங்க போச்சு?" என்றார் ஹலோ அம்மா, மூச்சுக்காற்றில்.

ஏலக்காரர் தாமாகவே கரண்டியை எடுத்தார். தூக்கினார். தகடு கண்ணாடித்தாள்போல் துவண்டு தொங்கியது. தோள் துண்டில் அதை ஒற்றி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார்.

"என் முகத்துல வைங்க," என்றார் மனைவி.

"உனக்கா?"

"பின்ன, தெருவுல போறவங்களுக்கா? வைங்க, ஆறிடப்போகுது." கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார்.

மருமகள் போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னாள். "அத்தை, கேட்டுட்டேன். எதுவும் ஒட்டாதாம். தனி ரூமும் வேணாம், தனித் தட்டும் வேணாம்."

மூடிய கண்களுக்குள்ளிருந்து ஹலோ அம்மாவுக்குத் தண்ணீர் கசிந்தது.

ஏலக்காரர் அந்தத் துண்டை மனைவியின் மூக்கிலும் கன்னத்திலும் படரவிட்டு, பத்து விரல்களாலும் மெல்ல அழுத்தினார். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் அந்த முகத்தைத் தொட்டதில்லை. தொடாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு என்று தமக்குத் தாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார்.

"பேச வருது பாருங்க," என்றார் மனைவி அடியிலிருந்து. "மூச்சும் வருது."

ஏலக்காரர் விரலை ஓட்டைகளுக்கு நேராக நீட்டினார். மனைவியின் மூச்சு விரலில் வெதுவெதுப்பாகப் பட்டது. மறுபடியும் பட்டது. தகடு மெல்ல வெளுத்து இறுகியது.

எடுத்துப் பார்த்தால் அச்சு அசலாக ஹலோ அம்மாவின் மூக்கு. நுனியில் இருந்த சிறு வளைவுகூடத் தப்பவில்லை. ஏலக்காரரின் தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை, ஆனால் அது சிரிப்புத்தான்.

"உங்க அம்மா வீட்டு மூக்கு. எந்தத் தகட்டுல போட்டாலும் மாறாது."

"குரல் போனாலும் கொழுப்பு போகல," என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் ஏலக்காரர் அந்த மூக்கு அச்சைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு பேசினார். அவ்வளவு கிசுகிசுப்பாக இருந்ததால் இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி. சந்தையில மூட்டை தூக்கிட்டிருந்தேன். வெங்காய மூட்டை அடுக்கு சரிஞ்சு மேல விழுந்துச்சு. முகத்து மேல சாக்கு. வாயைத் திறந்தா தூசி. கத்தறேன். வெளியில ஏலம் போடற சத்தம் எனக்குக் கேட்குது. என் சத்தம் அவங்களுக்குக் கேட்கல. ரொம்ப நேரம் கேட்கல."

ஹலோ அம்மா திகைத்துப்போனார். "என்கிட்ட ஒரு நாள்கூடச் சொன்னதில்லையே!"

"சொன்னா மறுபடி உள்ள போன மாதிரி இருக்கும்." கையிலிருந்த அச்சை மேஜையில் வைத்தார். "வெளியில எடுத்துப் போட்டதுக்கப்புறம்தான் அப்படிக் கத்த ஆரம்பிச்சேன். எங்க இருந்தாலும் கேட்கணும்னு."

ஊரே மெச்சிய அந்தக் குரல் எங்கிருந்து புறப்பட்டது என்று அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. மருமகள் மாமனாரின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க நீங்க கத்தவே வேணாம் மாமா," என்றாள் கடைசியில். "கையைத் தூக்கினா போதும். கேமராவில உங்களையே பார்த்துட்டிருப்பாங்க. உடனே நிறுத்திட்டு உள்ள ஓடி வருவாங்க. நான் கேட்டுட்டு வந்திருக்கேன்."

ஏலக்காரர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெளியே போகும் சட்டை போட்டிருந்தார்.

மத்தியானம் அதே மேஜை. டெக்னீஷியன் பெண் இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"சார், நீங்க கையைத் தூக்கினா நான் இதைத் தூக்கிடுவேன். பேரம் முடிஞ்சுது. சரியா?"

வெந்நீர்த் தொட்டியிலிருந்து இரண்டு பேராக ஏந்தி வந்த தகடு நெற்றியிலிருந்து தோள் வரை இறங்கியது. ஏலக்காரரின் கை தூக்கிப் போட்டாற்போல் எழும்பியது. சொன்ன மாதிரியே தகடும் அந்தக் கணமே விலகியது. மறுபடி இறக்கினார்கள். மறுபடி கை. மறுபடி விலகியது. மூன்றாவது தடவை அவர் கை எழுந்ததைப் பார்த்து டெக்னீஷியன் சிரித்தாள்.

"இது பயம் இல்ல சார். சரக்கைச் சோதிச்சுப் பார்க்கறீங்க."

உதட்டோரம் மீசை அசைந்தது. தகட்டை இன்னொரு தடவை வெந்நீரில் இளக்கிக் கொண்டுவந்தார்கள். இந்தமுறை கை எழவில்லை. ஆனால் மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயின. மார்பு ஏறி ஏறி இறங்கியது.

இந்தக் கட்டத்தில் கதிர் எதுவும் இல்லை என்பதால் வீட்டார் பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். ஹலோ அம்மா குனிந்து, அவர் காதருகே, தம் பழைய வேலைக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்: "லைன்லயே இருங்க. லைன்லயே இருங்க. கட் பண்ணிடாதீங்க. இதோ ஆச்சு. லைன்லயே இருங்க."

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

இறுகிய பிறகு, டெக்னீஷியன் கழுத்துப் பக்கமாக மாஸ்க்கின்மேல் சிறிய கோடுகள் வரைந்தாள். அவரைத் தவிர எல்லோரும் வெளியே வந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். அதுவும் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்தபோது, வெள்ளை வலையில் அவர் முகம் பக்கத்து மேஜையில் கிடந்தது. கண்குழி, கன்ன எலும்பு, மீசையின் மேடு, எல்லாம் அப்படியே. ஏலக்காரர் அதை இரண்டு கையாலும் எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த முகத்தை நான் வீட்டுல பார்த்ததே இல்ல," என்றார் மனைவி. "வாயை மூடிட்டிருக்கு."

வெளியே வரும் வழியில் ஒரு கண்ணாடித் தடுப்பு அறை. கதிரின் அளவையும் கோணத்தையும் கணக்கிடும் இயற்பியலாளர் உள்ளிருந்து கைகாட்டி அழைத்தார். திரையில் ஸ்கேன் படம் திறந்திருந்தது. சாம்பல் நிறத்தில், குறுக்காக வெட்டிப் பார்த்த ஒரு கழுத்து.

"பார்க்கறீங்களா சார்? இது முதுகெலும்பு. இது மூச்சுக்குழாய். இங்க ஓரத்துல ரெண்டு சின்னக் கோடு, முன்னாடி வந்து சேருது பாருங்க." அவர் பென்சில் நுனியால் காட்டினார். "அதுதான் உங்க குரல்."

ஏலக்காரர் தம் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி நகத்தைப் பார்த்தார்.

"நிஜத்துல எவ்வளவு பெருசு?"

"உங்க நகத்தை விடக் கொஞ்சம் பெருசு. அவ்வளவுதான்."

"சந்தையையே கூட்டினது இந்தத் துளியா?" என்றார் ஹலோ அம்மா. வாழ்நாளெல்லாம் ஆயிரமாயிரம் குரல்களைக் கம்பி வழியே அனுப்பி வைத்தவர் அவர். குரல் என்ற ஒன்றை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். இருவரும் திரையை விட்டு நகராமல் நின்றார்கள்.

"மறுபடி கூவ முடியுமா தம்பி?" என்று கேட்டார் ஏலக்காரர்.

இயற்பியலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "டாக்டர்தான் சரியா சொல்லணும் சார். நோயை எடுத்துடலாம்னு அவர் ரொம்ப நம்பிக்கையா இருக்கார். பேசற குரல் நிறையப் பேருக்கு நல்லாவே திரும்பும். சந்தைக்கே கேட்கற குரலான்னு கேட்டா, அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது. கோணம் எல்லாம் கணக்குப் போட்டு முடிச்சதும் கூப்பிடறோம்."

ஏலக்காரர் தலையசைத்தார். மழுப்பாமல் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது என்று அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது.

வரவேற்பு மேஜையைத் தாண்டும்போது ஒரு பெண் எழுந்து வந்தார். கையில் ஆஸ்பத்திரிப் பை. மருமகளிடம்தான் முதலில் பேசினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உள்ள போய்ட்டு வந்த ஒருத்தர் முகத்துல சிரிப்பைப் பார்க்கறேன். அதான்... என் வீட்டுக்காரர் வாசல்லதான் இருக்கார். இன்னிக்கு அவருக்கும் மாஸ்க். வண்டியை விட்டு இறங்க மாட்டேங்கறார். நான் சொன்னா எரிஞ்சு விழறார். இவர் ஒரு வார்த்தை சொன்னா..."

"மாமாவுக்குப் பேச முடியாதுங்க. குரலே..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

அதற்குள் ஏலக்காரர் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

வெளியே மரத்தடியில் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் கார் நின்றது. "அவர்தான் வாத்தியார்," என்றார் அந்தப் பெண். "நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் ஒழுங்கா வந்தோம். சொல்லித்தர்றவருக்குன்னு அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. இங்க வந்ததும் அதை மிதிச்சவர், இன்னும் காலை எடுக்கல."

ஏலக்காரர் காரைச் சுற்றிப் போனார். கற்றுக்கொள்பவர் உட்காரும் இருக்கையின் கதவைத் திறந்து, கேட்காமலேயே உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்று பெண்களும் தள்ளியே நின்றார்கள். கண்ணாடிக்குள்ளே ஓட்டுநர் வாத்தியார் கோபமாக ஏதோ கேட்டார். ஏலக்காரர் வாயைத் திறந்து காட்டி, கழுத்தைத் தொட்டுக் காட்டினார். வாத்தியார் குனிந்தார். இன்னும் குனிந்தார். கிசுகிசுப்பு கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் குனிந்தாக வேண்டும். இரண்டு தலைகளும் ஸ்டீயரிங்குக்கு மேலே நெருங்கின. ஏலக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தம் முகத்தின்மேல் மெல்ல வைத்தார். அப்புறம் ஒரு கையை மட்டும் மேலே தூக்கினார். வாத்தியாரும், பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி, தம் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

"என்ன சொல்றார்?" என்று அந்தப் பெண் மருமகளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "கேட்குதா உங்களுக்கு?"

கேட்கவில்லை. ஹலோ அம்மா அந்தக் கண்ணாடியையே பார்த்தார். கத்தாமல், கூவாமல், தம் கணவர் ஓர் ஆளைக் கட்டிப்போட்டு வைத்திருப்பதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வாத்தியார் பக்கத்துக் கதவு விரல் அகலத்துக்குத் திறந்தது. நின்றது. பிறகு முழுதாகத் திறந்தது. ஒரு கால் தரையில் இறங்கியது.

இன்னொரு கால் பிரேக்கின் மேலேயே இருந்தது.